ஒரே சட்டி, இரண்டு தேவை

"கொழுப்பைக் குறையுங்கள்" என்று கிளினிக்கில் சொல்லுகிறார்கள். அறிவுரை நல்லதே. ஆனால் ஒரே சட்டியில் சமைத்து முழுக் குடும்பமும் உண்ணும் எமது வீடுகளில், யாருக்குக் குறைப்பது என்ற கேள்வியையும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த நாட்களில் உண்ட கொழுப்பு உழைப்பிலே கரைந்தது. காணியை விட்டு வந்து, கூலிவேலை கிடைக்கும் நாளை எதிர்பார்த்திருக்கும்போது அது உடலிலே தங்கிவிடுகிறது. ஒரு கிராம் மாப்பொருள் 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். தேங்காய்க் கொழுப்பில் பெரும்பங்கு நிரம்பிய கொழுப்பு. அது இரத்தத்தில் கொலஸ்திரோலைக் கூட்டுவது. எனவே நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள பெரியவர்கள் குறைக்கத்தான் வேண்டும்.

அதே வீட்டிலுள்ள சிறு பிள்ளையின் நிலை வேறு. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குக் கொழுப்பு அவசியம். கீரையிலும் பூசணியிலும் உள்ள விற்றமின் ஏ சத்தை உடல் ஏற்பதற்கும் சிறிது கொழுப்பு வேண்டும். தகப்பனுக்காகத் தேங்காயை அடியோடு நிறுத்தினால் மெலிந்த பிள்ளை மேலும் மெலியும்.

இதற்கு வழி எமது அடுப்படியிலேயே உண்டு. கறியை இரண்டாம் பாலில் வேகவைத்து, பெரியவர்களின் பங்கை முதலில் எடுத்துவிடலாம். பின்னர் முதற்பாலைச் சட்டியில் விட்டு ஒரு கொதியில் இறக்கினால் அது பிள்ளைகளின் பங்கு. தேங்காயின் கொழுப்பில் பெரும்பகுதி முதற்பாலில்தான் இருக்கிறது. இதற்கு மேலதிக விறகோ பணமோ தேவையில்லை.

எல்லோருக்கும் குறைக்கவேண்டியது பொரியலே. மீனைப் பொரிப்பதற்குப் பதிலாகப் புளிவிட்டு அவிக்கலாம். அப்பளத்தைத் தணலில் சுடலாம். பாணுக்கு மாஜரீன் பூசாமல் பருப்புக்கறியோடு உண்ணலாம். பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவது சிக்கனம்போலத் தோன்றினாலும் உடலுக்குத் தீங்கானது. பிட்டும் இடியப்பமும் ஆவியில் அவிவன. ஒடியற் கூழுக்கு எண்ணெயே வேண்டியதில்லை. இவை எமது பெற்றோர் உண்ட உணவுகள்தாம்.

ஆலோசனை வழங்குவோரிடம் நாம் வேண்டுவது ஒன்று: குறைக்கச் சொல்லுமுன், அந்தச் சட்டியில் உண்பவர் யார் யார் என்று தாயிடம் கேளுங்கள்.