வீட்டில் பாம்பு வளர்ப்பது குறித்து எங்கள் நிலைப்பாடு

கேமரன் மலைத் தோட்டக் குடியிருப்புகளில் பாம்பு வளர்க்க ஆசைப்படும் இளையோருக்கும், பக்கத்து வீட்டில் பாம்பு இருக்கிறதாமே என்று அஞ்சும் தாய்மார்களுக்கும் சேர்த்தே இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

பாம்பு வளர்ப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. தேயிலைச் செடியடியிலும் காட்டோரத்திலும் பிடித்த பாம்பை வளர்ப்பதை முற்றாக எதிர்க்கிறோம்.

பச்சைப்பாம்பு சாது என்ற எண்ணம் நம் முன்னோரோடு கப்பலேறி வந்தது. இந்த மலையில் அது உயிருக்கே ஆபத்து. இங்கே பச்சை நிறத்தில் ஒரு குழிவிரியன் உண்டு. நஞ்சுள்ளது, இலையோடு இலையாகக் கிடக்கும். 2004ஆம் ஆண்டில்தான் ஆய்வாளர்கள் அதைத் தனி இனமாக விவரித்து, மூடுபனியைக் குறிக்கும் 'நெபுலாரிஸ்' என்ற பெயரை இட்டார்கள். மலைப்பாம்புக் குட்டியும் வேண்டாம். இன்று கை நீளம் இருப்பது வளர்ந்தால் 5 மீட்டரைத் தாண்டக்கூடும். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமமின்றி அதை வைத்திருப்பது குற்றம்.

முதன்முதலாக வளர்ப்பவருக்கு, வளர்ப்பிடத்திலேயே பிறந்த கார்ன் ஸ்னேக் ஏற்றது என்பது எங்கள் கருத்து. பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குள் நிற்கும். இரை எடுக்க அடம்பிடிப்பது குறைவு. பலரும் விரும்பும் பால் பைத்தானுக்குக் (ball python) கூடுதல் சூடு வேண்டும், வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும், 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். படிக்கப் போகும் பிள்ளை வாங்கி வைத்தால், பிறகு யார் பார்ப்பது? எந்தப் பாம்பானாலும் பணம் கொடுக்கும் முன் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் உரிமம் பற்றிக் கேளுங்கள். உரிமத் தாளைக் காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

எங்களை மிகவும் கவலைப்படுத்துவது குளிர்தான். ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வளர்ப்பவர் சொல்லும் யோசனை நமக்குப் பொருந்தாது. அங்கே அறையின் வெப்பமே பாதி வேலையைச் செய்துவிடும். இங்கே இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பாம்பின் உடல் தானாகச் சூட்டை உண்டாக்காது. குளிரில் விழுங்கிய எலி செரிக்காமல் கக்கிவிடும். ஈரமும் சேர்ந்தால் நுரையீரலைப் பிடிக்கும்: மூச்சில் சீழ்க்கை, மூக்கில் நுரை, திறந்த வாய். பெட்டியின் ஒரு முனை 29, 30 டிகிரியும், மறுமுனை 24 டிகிரியளவும் இருக்க வேண்டும். வேண்டியபோது பாம்பு இடம் மாறிக்கொள்ளும். சூட்டு விரிப்பைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் பயன்படுத்தினால் வயிறு வெந்துவிடும். மின்சாரம் போனால், வெந்நீர் போத்தலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். தெர்மோஸ்டாட் வாங்க வசதியில்லை என்றால் பாம்பை வாங்காதீர்கள்.

உறைய வைத்த எலியைக் குளிர் போகவைத்துக் கொடுங்கள். பாம்பின் உடம்பைவிடப் பருமனாக வேண்டாம். குட்டிக்கு வாரம் ஒரு முறை, வளர்ந்ததற்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். இரை எடுத்த பின் இரண்டு நாள் தொடாதீர்கள். சால்மொனெல்லா கிருமி தொற்றக்கூடும் என்பதால் தொட்ட கையைச் சோப்பால் கழுவுங்கள். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் பாம்பைக் கொடுக்கவே வேண்டாம்.

லயத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. தப்பிய பாம்பு அடுத்த வீட்டு அடுப்படியில்தான் போய் நிற்கும். அடி வாங்கிச் சாகும். ஆகவே பூட்டு வைத்த மூடி கட்டாயம். வாங்கும் முன்பே இருபக்கத்து வீட்டாரிடமும் தோட்ட அலுவலகத்திலும் சொல்லுங்கள். "என் வீட்டில் நான் வளர்க்கிறேன், அவர்களுக்கென்ன?" என்ற கேள்வியை நாங்கள் ஏற்கவில்லை. அண்டை வீட்டு அக்கா பயந்து வேண்டாமென்றால் வளர்க்கக் கூடாது.

சலித்துப்போன பாம்பைக் காட்டில் விடாதீர்கள். வெளிநாட்டுப் பாம்பு நம் குளிரில் சாகலாம், நம் காட்டுப் பாம்புகளுக்கு நோயையும் கொடுக்கலாம். வாங்கிய இடத்திலோ பெர்ஹிலித்தானிலோ கேளுங்கள்.

காட்டுப் பாம்பு வீட்டுக்குள் வந்தால் கையையும் நீட்டாதீர்கள், கம்பையும் எடுக்காதீர்கள். பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய், 999ஐ அழையுங்கள்.