அக்குளுக்கு ஒரு கஸட்

ஒர்க்‌ஷாப் காக்கிச் சட்டை முதலில் எங்கே கிழிகிறது? அக்குளில்தான். நாலு தையலும் கூடும் இடம். ஃபைலிங்கில் கை நீளும்போதெல்லாம் இழுவிசை முழுக்க அந்த ஒரே புள்ளிக்கு. கூரை ட்ரஸ்ஸுக்கு கஸட் பிளேட் போடப் படிக்கிற நாம், சட்டைக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?

மிஞ்சிய துணியில் 3 அங்குலச் சதுரம் வெட்டி, சாய்சதுரமாகத் திருப்பி அக்குளில் வைத்துத் தைக்கச் சொன்னேன். தையல்கள் நாலு மூலைக்குப் பிரிந்துவிட்டன. துணி மூலைவாட்டில் இழுபடுவதால் கொஞ்சம் நெகிழ்ந்தும் கொடுக்கிறது. கையைத் தூக்கினால் சட்டை இடுப்பை விட்டு ஏறுவதில்லை. ரெண்டாவது வருஷமும் தையல் விடவில்லை.

"கூட அரைமணி ஆகும் தம்பி" என்பார் தையற்காரர். ஆகட்டுமே! ஒரே செட் காக்கியில் மூணு வருஷம் ஓட்டுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? அடுத்த சீருடை ஆர்டரில் யூனியன் இதையும் எழுதிக் கொடுக்கணும்.