உப்பாவின் சாவி



மாசி பிறந்துவிட்டால் மண்டைக்காட்டுக் கடைத்தெருவில் விளையாட்டுப் பொருள்கள் குவிந்துவிடும். பகவதி அம்மன் கோயில் கொடைவிழா முடியும்வரை குளச்சல், மணவாளக்குறிச்சிப் பிள்ளைகளின் கண்கள் அந்தக் கடைகளின் மீதுதான். நம் பிள்ளைகளும் அதற்கு விலக்கல்லர். பேருந்துக்காக அங்கு நின்றிருந்தபோது, ஏழு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் துப்பாக்கியைத் தங்கையின் நெற்றியில் வைத்து விசையை இழுத்தான். அவள் விழுவதுபோல் நடித்தாள். அவர்களுடைய உம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1982 மார்ச்சில் இதே ஊரில், இதே விழாக் காலத்தில் மூண்ட கலவரத்தையும், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியானதையும் மறவாத தலைமுறை என்னுடையது.

நம் வீடுகளில் துப்பாக்கி ஏது என்று நீங்கள் வினவலாம். பெரும்பாலான வீடுகளில் இல்லைதான். ஆயினும் குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டம் வைத்துள்ள என் உறவினர் ஒருவர், காட்டுப்பன்றித் தொல்லைக்காக உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கிறார். அலமாரியில் பூட்டித்தான் வைத்திருந்தார். விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய எட்டு வயதுப் பேரனிடம், "சாவி எங்கேயப்பா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "உப்பாவின் தலையணைக்கு அடியில்" என்றான். தோட்டாக்களும் அதே அலமாரியில் இருப்பதை அவனே சொன்னான்!

2001-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகர ஆய்வொன்று வெளியாயிற்று. 8 முதல் 12 வயது வரையுள்ள 64 சிறுவர்களைச் சிறு குழுக்களாக ஓர் அறையில் இருக்கவிட்டு, இழுப்பறையில் தோட்டா நீக்கிய மெய்யான கைத்துப்பாக்கியை மறைத்து வைத்தனர். அதைக் கண்டெடுத்த 21 குழுக்களில் 16 குழுக்கள் கையில் எடுத்தன. பத்துக் குழுக்களில் ஒருவனேனும் விசையையும் இழுத்தான். இவர்களில் மிகப் பலருக்குத் துப்பாக்கியைத் தொடாதே என்ற பாடம் முன்னரே சொல்லப்பட்டிருந்தது. அதைப் பொம்மை என்று எண்ணியவர்களும் உண்டு.

ஆகவே பூட்டுவது பெரியவர்களின் பொறுப்பு. குழந்தைக்குச் சொல்லிவிட்டோம் என்று அப்பொறுப்பைக் கைகழுவ முடியாது. துப்பாக்கியில் தோட்டா இருக்கலாகாது. தோட்டாக்களை வேறிடத்தில், வேறு பூட்டுக்குள் வைக்க வேண்டும். சாவி இருக்குமிடம் குழந்தைக்குத் தெரியலாகாது. பறவை விரட்டும் ஏர்கன்னும் கண்ணைப் பறிக்க வல்லதே.

துப்பாக்கி மட்டுமன்று. 2020 ஜூனில் திருச்சி மாவட்டம் தொட்டியத்தை அடுத்த அலகரையில், மீன்பிடிக்க வாங்கி வைத்திருந்த வெடியைத் தின்பண்டமென்று கடித்த ஆறு வயதுச் சிறுவன் உயிரிழந்தான். கடலோரத்தில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

பிள்ளைக்குச் சொல்வதை அச்சுறுத்தாமல் சொல்லுங்கள். துப்பாக்கியோ, தோட்டாவோ, இன்னதென்று அறியாத வெடிப்பொருளோ கண்ணில் பட்டால் தொடாமல், கூட இருப்பவனையும் இழுத்துக்கொண்டு அகன்று, பெரியவரிடம் கூற வேண்டும். ஒருமுறை சொன்னால் போதாது. நடித்துக் காட்டச் செய்யுங்கள். காட்டிக் கொடுத்ததற்காக எந்நிலையிலும் அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்தமுறை மறைப்பான். பொம்மைத் துப்பாக்கியையும் மனிதர் மீது நீட்டக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். விளையாட்டில் பழகிய கை மெய்யானதிலும் அதையே செய்யும்.

சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளுடன் செல்பவர், எவர் மீதும் பட்டுவிடாதபடி அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ளுமாறும் பணித்தார்கள். அந்தப் பேருந்து நிறுத்தத்தில் இதைச் சொல்லாமல் வந்துவிட்டேனே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

உறவினரிடம் மட்டும் தயங்காமல் சொல்லிவிட்டேன். முதலில் முகம் சுளித்தார். மறுமுறை சென்றபோது சாவி அவருடைய பச்சை பெல்ட்டின் பைக்குள் இருந்தது. தோட்டாப் பெட்டி எங்கே என்று பேரனைத் தனியே கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.