துருக்கியில் மாறாத ஒரே கொள்கை

1965 தேர்தலில் துருக்கித் தொழிலாளர் கட்சிக்குக் கிடைத்தது சுமார் 3 சதவீத வாக்கு, இடங்கள் 15. சிதறிக் கிடக்கும் வாக்குகளை நாடு முழுவதும் கூட்டிக் கணக்கிடும் முறை அப்போது இருந்தது. சோஷலிஸ்டுகள் அவைக்குள் வந்து கேள்வி கேட்கத் தொடங்கியதும் அது ஆட்சியாளர்களை உறுத்தியது. சுலைமான் டெமிரெல் அரசு 1968-ல் அந்த முறையையே நீக்கியது. மறுஆண்டு தேர்தலில் கட்சியின் வாக்கு பெரிதாகச் சரியவில்லை. ஆனால், இடங்கள் இரண்டாகிவிட்டன.

இடதுசாரிகளோடு களத்தில் மோதுவதைவிட, அவர்களைக் களத்துக்கே வரவிடாமல் தடுப்பதுதான் துருக்கி அரசின் நூறாண்டு வழக்கம். ஆட்சியில் இருந்தது குடியரசுவாதிகளா, தளபதிகளா, மதவாதிகளா என்பது இதில் பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை.

கம்யூனிஸ்ட் கட்சியின் நிறுவனர் முஸ்தபா சுப்ஹி, 1921 ஜனவரியில் தோழர்களுடன் கருங்கடலில் கொல்லப்பட்டார். உத்தரவு யாருடையது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால், அந்த மார்ச் மாதமே அங்காரா அரசு மாஸ்கோவுடன் நட்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. சோவியத் உதவி வேண்டும், சொந்த நாட்டுக் கம்யூனிஸ்டுகள் வேண்டாம்! பிறகு, முசோலினியின் இத்தாலியைப் பார்த்து எழுதப்பட்ட தண்டனைச் சட்டப் பிரிவுகள் 141, 142 வந்தன. வர்க்கம் பற்றிப் பேசியவர்களையும் எழுதியவர்களையும் 1991 வரை அவை சிறைக்கு அனுப்பின.

இடதுசாரிகளும் துப்பாக்கி ஏந்தினார்களே என்று கேட்கலாம். ஒரு பகுதியினர் ஏந்தினார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. தொழிலாளர் கட்சியோ வாக்குப்பெட்டியை நம்பிய கட்சி. நாட்டின் கிழக்கே குர்து மக்கள் வாழ்கிறார்கள் என்று 1970 மாநாட்டில் தீர்மானம் போட்டதற்காக, 1971 ராணுவத் தலையீட்டுக்குப் பின் அதுவும் மூடப்பட்டது. நேர்வழியை அடைத்த அரசுக்கு, குறுக்குவழியில் போனவர்களைக் காட்டித் தன்னை நியாயப்படுத்திக்கொள்ள என்ன உரிமை இருக்கிறது? 1972 மே 6 அன்று இடதுசாரி மாணவர் தலைவர் டெனிஸ் கெஸ்மிஷும் இரு தோழர்களும் தூக்கிலிடப்பட்டனர். 1980 ராணுவப் புரட்சிக்குப் பிறகு ஆறரை லட்சம் பேர் காவலில் வைக்கப்பட்டனர். இளம் இடதுசாரி எர்தல் எரென் தூக்கு மேடை ஏறியபோது வயது 17 என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது.

தூக்கிலிடப்பட்டவர்களின் கடிதங்களை வாசித்து 2010-ல் நாடாளுமன்றத்தில் கண்ணீர் விட்டவர் எர்டோகன். அவரது ஆட்சியிலேயே, இன்றைய தொழிலாளர் கட்சியின் ஜான் அதலாய் 2023 நாடாளுமன்றத் தேர்தலில் சிறையிலிருந்தபடி வென்றார். அவரது உரிமை மீறப்பட்டுள்ளது என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லியும் விடுவிக்கப்படவில்லை. 2024 ஜனவரி 30 அன்று பதவியும் பறிக்கப்பட்டது. அவரைத் தேர்ந்தெடுத்தது நிலநடுக்கத்தில் நொறுங்கிப்போன ஹதாய் மாகாணம். அந்த மக்களின் வாக்கைத்தான் துருக்கி அரசு செல்லாததாக்கியிருக்கிறது.