‘சப்’பை விடுக; சார்பைக் கொள்க

பெண்ணாடத்தில் நிலம் வாங்குவோர் ஆவணம் பதியச் செல்லுமிடம் சார்பதிவாளர் அலுவலகம். பலகையில் அப்பெயர் இருக்க, அதன்கீழ் நின்றுகொண்டே ‘சப் ரிஜிஸ்தரார் வந்துவிட்டாரா?’ என்று வினவுகின்றனர் நம் மக்கள். பலகை தமிழாயிற்று, நா இன்னும் தமிழாகவில்லை. விருத்தாசலமாக்கப்பட்ட திருமுதுகுன்றத்திலோ சப் கலெக்டர், சப் கோர்ட்டு, சப் செயில் என்று அவ்வொட்டே ஊரை ஆள்கின்றது.

இதற்குக் கற்றோர் சிலர் கூறும் அமைதி விந்தையானது. ஆங்கிலம் ஒரே முன்னொட்டால் எல்லாவற்றையும் முடித்துவிடுகின்றதாம். தமிழ்தான் சார், கிளை, உள், துணை எனப் பலவாறு குழப்புகின்றதாம்!

குழப்பம் எங்குள்ளது? ‘சப்’ ஆங்கிலேயரின் சொந்தச் சொத்தன்று, இலத்தீனத்தினின்று பெற்றது. ‘கீழ்’ என்பது அதன் முதற்பொருள். அப்பொருட்கு ‘அண்டர்’ என்னும் தம் முன்னோர் சொல் இருக்கவும் கடன் வாங்கினர், வாங்கியதன்மேல் சுமையேற்றினர். பதவியில் அடுத்த படியினரும் சப். சட்டப்பிரிவின் உட்கூறும் சப். குத்தகைக்கு எடுத்ததைப் பிறர்க்கு மறுபடி விடுவதும் சப். கடலடியிற் செல்லும் கலமும் சப். தமிழோ ஒவ்வொன்றையும் பொருள்நோக்கிப் பிரித்தது. சிறைக்குக் கிளைச்சிறை; பிரிவுக்கு உட்பிரிவு; குத்தகைக்கு உள்குத்தகை. கலத்திற்கு முன்னொட்டே வேண்டாவென்று, செய்தொழில் கண்டு நீர்மூழ்கி என்றது.

‘சார்’ என்பதன் நுட்பமோ தனிச்சிறப்பினது. எழுத்தை முதலெழுத்து, சார்பெழுத்து எனப் பகுத்த மொழி இது. குற்றியலுகரம் வல்லின மெய்யைச் சார்ந்தே ஒலிக்கும்; ஆயினும் எழுத்தென்னும் தகுதியை இழப்பதில்லை. சார்பதிவாளரும் மாவட்டப் பதிவாளர்க்குக் கீழ்ப்பட்டவரே. ஆயினும் தம் எல்லைக்குள் ஆவணம் பதியும் அதிகாரம் உடையவர். இந்நுட்பம் ‘சப்’பில் உண்டா? உயிர் தான் சார்ந்ததன் தன்மையாம் என்னும் கொள்கையுடைய சிவனியத்தின் ஆசான் மெய்கண்டார் பிறந்த ஊரார்க்குச் சார்பென்னும் சொல்லை விளக்கவும் வேண்டுமோ?

‘சார் ஆட்சியர் என்றால் ஐயாவைக் குறிக்கும் சார் என்றன்றோ மயங்கும்?’ என நகைப்பாரும் உளர். அது சொல்லின் குற்றமன்று. ஐயா என விளிக்குமிடத்துச் சார் என்று குழையும் வாயின் குற்றம்.

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப்பின் அமைந்த அலுவற்சொற்களிலும் பிழை உண்டு. துணை ஆட்சியர் வேறு, சார் ஆட்சியர் வேறு என வருவாய்த்துறை செவ்வனே பிரித்தது. காவல்துறையோ சப் இன்சுபெக்டரை உதவி ஆய்வாளர் ஆக்கிற்று. அத்துறையிலேயே உதவி ஆணையர் ஆய்வாளர்க்கு மேலிருப்பவர். ‘உதவி’ அசிசுடெண்டுக்கு உரியது. ஈண்டுச் சார் ஆய்வாளர் எனலே முறை.

ஈழத்திலோ ‘சப்’பை நீக்கி ‘உப’வைப் புகுத்தினர்: உப பொலிசுப் பரிசோதகர். உப என்பது வடமொழி முன்னொட்டு. ஒருவன் கடனை அடைக்க மற்றொருவனிடம் கடன் வாங்கிய கதை இது.

இவற்றினும் கொடியது உழவர்க்கு நேர்வது. பட்டா எனப்படும் நிலவுரிமைச் சீட்டில் புல எண்ணின் அருகே ‘உட்பிரிவு’ என்று தமிழிலேயே அச்சிடப்பட்டுள்ளது. எழுதித் தருவோர் அதைக் காட்டி, ‘சப் டிவிசன் பண்ண வேண்டும்’ என்கின்றனர். தம் கையிலுள்ள தாளில் தமக்கு விளங்கும் சொல் இருப்பதை அறியாமலே, அவ்வுழவர் கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டு வருகின்றார்.