ஞாபகம் குற்றமாகுமா?

குற்றம் சாட்டப்பட்டவனின் வாயை விட்டு உடம்பை விசாரிக்கும் முறை ஒன்று உண்டு. அமெரிக்க மனோதத்துவ நிபுணர் டேவிட் லிக்கன் 1959-ல் வெளியிட்டது அது. பொய் சொல்லுகிறானா என்று அது பார்ப்பதில்லை. கொலைக்கு உதவிய கருவி கத்தியா, கயிறா, கோடரியா, உலக்கையா, தடியா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வருகையில், உண்மையான கருவியின் பெயர் காதில் விழுந்ததும் உள்ளங்கை வேர்க்கிறதா, மூச்சு தணிகிறதா என்று யந்திரம் குறித்துக் கொள்ளும். ஒன்றும் அறியாதவனுக்கு ஐந்தும் ஒன்றே. இவ்விதமான ஆறு கேள்விகளிலும் நிரபராதி தற்செயலாகச் சிக்குவது 15,625-ல் ஒரு தடவைதான். ஜப்பானியப் போலீஸார் இம்முறையை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர்.

கணக்கு அழகாகவே இருக்கிறது. ஆனால் மனித ஞாபகம் கணக்குப்பிள்ளையின் பேரேடு அல்லவே! பயமும் ஆத்திரமும் மேலிட்ட சமயத்தில் மனம் ஒன்றையே பற்றி நின்று மற்றதை விட்டுவிடுகிறது. துப்பாக்கியைக் கண்டு நடுங்கியவன் அதை ஏந்தியவனின் முகத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. அப்படியிருக்க, குத்திவிட்டு ஓடினவன் ஜன்னல் திரையின் நிறத்தைக் கவனித்திருப்பான் என்று எதிர்பார்க்கலாமா? அதைப் பற்றிக் கேட்டால் யந்திரம் மௌனம் சாதிக்கும், குற்றவாளி தப்புவான். பிணத்தை முதலில் கண்டவனும், பத்திரிகையில் படித்தவனும், “இதனால்தானே அடித்தாய்?” என்று லாக்கப்பில் நூறு தடவை அதட்டப்பட்டவனுமோ உள்ளங்கை வேர்த்து நிற்பார்கள். அறிந்தான் என்பதை வேர்வை சொல்லும். எவ்வாறு அறிந்தான் என்பதைச் சொல்லாது. துப்புகளையெல்லாம் மறுநாளே அச்சேற்றும் பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு.

நம் நாட்டில் இவ்விஷயம் விபரீதமாகவே முடிந்தது. தலையில் மின்கம்பிகளைப் பொருத்தி, குற்ற அனுபவத்தின் ஞாபகம் மூளையில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைப் புனா செஷன்ஸ் கோர்ட்டு 2008-ல் ஒரு கொலை வழக்கில் சாட்சியமாக ஏற்றது. 2010 மே 5-ல் சுப்ரீம் கோர்ட்டு, செல்வி வழக்கில், சம்மதமின்றி இத்தகைய சோதனைகளை நடத்துவது அரசியல் சட்டத்தின் 20(3)-வது ஷரத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. சம்மதத்துடன் நடந்தாலும் சோதனை முடிவு தானே சாட்சியமாகாது என்றும் கூறிற்று.

ஆனால் காவலில் இருப்பவனின் சம்மதம் எத்தகையது? போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872-லேயே சாட்சியச் சட்டத்தில் எழுதிவைத்தது அந்நிய ஸர்க்கார். தன் போலீஸையே அது அவ்வளவு நன்றாக அறிந்திருந்தது! சுதேச ஸர்க்காரின் 2023-ம் வருஷச் சட்டத்திலும் அவ்விதி நீடிக்கிறது. வாய்க்குள்ள அந்தக் காப்பு மூளைக்கு வேண்டாமா?

சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன்பு பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. அது போதாது. அவன் எத்தனை நாள் காவலில் இருந்தான், வழக்கின் எந்தெந்த விவரங்களைப் போலீஸார் அதற்குள் அவனுக்குச் சொல்லியோ காட்டியோ இருக்கிறார்கள் என்பதையும், வக்கீல் பக்கத்தில் இருக்க, மாஜிஸ்திரேட் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத சோதனையை எந்தக் கோர்ட்டும் ஏறெடுத்துப் பார்க்கலாகாது.