பதக்கம் வேறு, காப்புரிமை வேறு

நம் பேரவையில் முன்பு செயலவை உறுப்பினராக இருந்த தம்பி ஒருவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். மின்னியல் பொறியியல் பட்டதாரி. இறுதியாண்டுத் திட்டத்திற்காக அவரும் நண்பர்கள் இருவரும் ஒரு மின்னழுத்த மாற்றுச்சுற்றை உருவாக்கினார்கள். புத்தாக்கக் கண்காட்சி ஒன்றில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. எட்டு மாதம் கழித்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். இப்போது அவர் கையில் இருந்தது காப்புரிமை ஆய்வதிகாரியின் அறிக்கை.

"அண்ணா, பதக்கம் கொடுத்தவர்கள் புதுமை என்று பாராட்டினார்கள். இவரோ புதுமையே இல்லை என்கிறார். முழுதாகப் படித்தாரா என்றே தெரியவில்லை," என்றார் வருத்தத்தோடு.

இருவரும் உட்கார்ந்து அறிக்கையை வரி வரியாகப் படித்தோம். முடித்தபோது, ஆய்வதிகாரி சொன்னதே சரி என்று எனக்குப் பட்டது. அதைத் தம்பியிடம் சொல்வது எளிதாக இல்லை. ஆனாலும் நம் பொறியியல் மாணவர்கள் அனைவரும் அறிய வேண்டிய செய்தி அதில் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுற்றைப் பற்றி. தரவு மையங்களில் ஒரே அளவு மின்திறனை 12 வோல்ட்டுக்குப் பதிலாக 48 வோல்ட்டில் கொண்டு சென்றால் மின்னோட்டம் நான்கில் ஒரு பங்காகும். கம்பியில் வீணாகும் வெப்பம் பதினாறில் ஒரு பங்காகும். ஆனால் 48 வோல்ட்டைக் கணினியின் அருகில் மீண்டும் குறைத்தாக வேண்டும். மின்தேக்கிகளை வரிசையாக இணைத்து மின்னேற்றி, பின் பக்கவாட்டில் இணைத்து வெளியே கொடுத்தால் மின்னழுத்தம் குறையும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. வெறும் மின்தேக்கியை நிலையான மின்மூலத்தோடு நேரடியாக இணைத்து மின்னேற்றினால், மூலம் தரும் ஆற்றலில் சரிபாதி வெப்பமாகப் போய்விடும். கம்பியின் தடையைக் குறைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இயங்கும் சுற்றில் மின்தேக்கி முழுதாகக் காலியாவதில்லை என்பதால் இழப்பு இதைவிடக் குறைவுதான். என்றாலும் அடியோடு நீங்குவதில்லை.

இதற்குத் தீர்வு, மின்தேக்கியோடு ஒரு சிறிய மின்தூண்டியைச் சேர்ப்பது. அப்போது மின்னோட்டம் திடீரென்று பாயாமல் அலைபோல் எழுந்து, தானே பூச்சியத்திற்கு இறங்கும். அந்த நொடியில் சுவிட்சைத் திறந்தால் இழப்பு பெருமளவு குறையும். இதுவே ஒத்ததிர்வு முறை. தம்பியின் குழு செய்தது இதைத்தான். இதையே முதல் உரிமைக்கோரலாகவும் எழுதியிருந்தது.

ஆனால் மின்தேக்கியோடு மின்தூண்டியைச் சேர்த்து, மின்னோட்டம் பூச்சியமாகும்போது சுவிட்சை மாற்றும் சுற்றுகளை ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களின் இறுதியிலேயே வெளியிட்டுவிட்டார்கள். தம்பிகள் அதைப் பார்க்கவில்லை. சுயமாகச் சிந்தித்தே செய்தார்கள். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சட்டம் கேட்பது "நீ யாரையாவது பார்த்துச் செய்தாயா?" என்பதன்று. "உலகில் ஏற்கெனவே இருந்ததா?" என்பதுதான். மலேசியாவின் 1983ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம், பிரிவு 11, மூன்று தகுதிகளைக் கேட்கிறது: புதிதாக இருக்க வேண்டும், துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும்.

இது கடுமையானது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். பாய்மரப் பலகைக்குக் காப்புரிமை பெற்றிருந்த நிறுவனம் ஒன்று இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. காரணங்களுள் ஒன்று, 1958இல் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் தானே செய்த பலகையில் கடலில் விளையாடியது! உலகின் பார்வைக்கு முன் நடந்த விளையாட்டுகூட முன்னறிவாகிவிடும் என்றால், அச்சில் வந்த ஆய்வுக் கட்டுரையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

அப்படியானால் தம்பிகளின் உழைப்பு வீணா? இல்லை. விண்ணப்பத்தின் விளக்கப் பகுதியில், ஏழாம் பக்கத்தில், இரண்டு பத்திகள் இருந்தன. 100 நானோஹென்றி மின்தூண்டியையும் 10 மைக்ரோஃபேரட் மின்தேக்கியையும் சேர்த்தால் அரை அலைக்கு 3.14 மைக்ரோவினாடி ஆகும். ஆனால் பீங்கான் மின்தேக்கிகளில் பல, மின்னழுத்தம் ஏறும்போது தம் கொள்ளளவை இழக்கும். 10 என்பது 6.4 ஆகக் குறைந்தால் நேரம் 2.51 மைக்ரோவினாடியாகிவிடும். கணக்குப்படி சுவிட்சை இயக்கினால் தவறான நொடியில் திறக்கும். ஒவ்வொரு படியிலும் மின்தேக்கி வெவ்வேறு அளவில் மாறுவதை உணர்ந்து, தனித்தனியே நேரத்தைத் திருத்தும் வழி ஒன்றை இவர்கள் கண்டிருந்தார்கள். மூன்று மாத இரவுகள் ஆய்வுக்கூடத்தில் கண்விழித்தது அதற்காகத்தான். ஆய்வதிகாரி சுட்டிய எந்தக் கட்டுரையிலும் அது இல்லை. ஆனால் உரிமைக்கோரலில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை!

பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ஒன்றாக மிகைபடக் கூறலைச் சொல்கிறார். நாம் அதைத் தேர்வுக்காக மனனம் செய்கிறோம்; மறந்துவிடுகிறோம். உரிமைக்கோரலும் ஒரு நூற்பா போன்றதே. தேவைக்கு மேல் பரந்து எழுதினால் பிறர் நிலத்தில் வேலி போட்டதாகிவிடும். குறுக்கி எழுதினால் நம் நிலமே நமக்கு இல்லாமல் போகும். சொல்லை எடைபோடும் பழக்கம் தமிழ் மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. பொறியாளருக்கும் அதுவே பிழைப்பு.

கண்காட்சிப் பதக்கங்களை நான் குறை கூறவில்லை. அவை ஊக்கம் தருகின்றன. ஆனால் சில மணி நேரம் சுற்றிப் பார்க்கும் நடுவர், முன்பு வெளிவந்தவற்றையெல்லாம் தேடிப் பார்ப்பதில்லை. பதக்கத்தையே சான்றாக எண்ணி நாம் தேடாமல் விடுவதுதான் பிழை. இன்னோர் ஆபத்தும் உண்டு. விண்ணப்பத்திற்கு முன் காட்சிக்கு வைப்பதே வெளியீடாகக் கருதப்படலாம். மலேசியச் சட்டம் இதற்கு ஓராண்டுச் சலுகை தருவதால் தம்பிகள் இங்கே தப்பினார்கள். ஐரோப்பிய முறையில் பொதுவாக அத்தகைய சலுகை கிடையாது. அந்தக் கதவு அவர்களுக்கு அன்றே மூடிவிட்டது.

எனவே இளையோருக்கு என் வேண்டுகோள் இதுதான். இறுதியாண்டுத் திட்டத்தின் முதல் மாதத்திலேயே காப்புரிமைத் தரவுத்தளங்களைத் தேடுங்கள். அவை இணையத்தில் இலவசம். பலகையில் முதல் பாகத்தைப் பற்றவைக்கும் முன், "இதில் நாங்கள் சேர்ப்பது இன்னது" என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் இன்னும் எதையும் சேர்க்கவில்லை என்று பொருள். துறையில் பணிபுரியும் முன்னாள் மாணவர்கள் அந்த வாக்கியத்தைப் படித்துத் திருத்த முன்வர வேண்டும். பேரவை ஆண்டுக்கு ஒருநாள் இதற்கென ஒரு பட்டறை நடத்தினால், நானும் வரத் தயார்.

தம்பியின் குழு உரிமைக்கோரலைத் திருத்தி எழுதியது. புதிதாக எதையும் சேர்க்க முடியாது; தாக்கல் செய்த விளக்கத்தில் இருந்ததைத்தான் எடுக்க முடியும். நல்லவேளையாக அந்த இரண்டு பத்திகள் இருந்தன. பதிலை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். கிடைக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் புறப்படும்போது தம்பி சொன்னார்: "அண்ணா, நாங்கள் உண்மையில் என்ன கண்டுபிடித்தோம் என்பது இப்போதுதான் எங்களுக்கே தெரிகிறது."

அதைச் சொல்லித் தந்தது பதக்கமன்று, அந்த அறிக்கைதான்.